மூச்சுக்குழாயை சிடி ஸ்கேனில் படிப்பது எப்படி?

நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மா. ஆஸ்துமா என்று நாலு வருடமாக இன்ஹேலர், இடையிடையே ஸ்டீராய்டு மாத்திரை. கையில் மூன்று எக்ஸ்ரே, மூன்றிலும் நார்மல். கடைசியில், படியேறினால் அம்மா கழுத்திலிருந்து விசில் சத்தம் வருகிறது என்று மகள் பிடிவாதம் பிடித்ததால்தான் சிடி எடுத்தார்கள். படத்தை ஓட்டினேன். நுரையீரல் இரண்டும் சுத்தம். ஆனால் மூச்சுக்குழாயில், அது இரண்டாகப் பிரியும் இடத்துக்கு 3 செ.மீ. மேலே, இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு கட்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சம் இருந்த வழி 6 மி.மீ. பழைய எக்ஸ்ரேக்களை மறுபடி எடுத்து விளக்கில் வைத்தேன். ஒன்றரை வருடம் முன்பு எடுத்ததிலேயே மூச்சுக்குழாயின் கறுப்புக் காற்றுத்தூணின் இடது ஓரம் லேசாக உள்ளே வளைந்திருந்தது. அதை நார்மல் என்று எழுதியது யார் என்று கையெழுத்தைப் பார்த்தேன். நான்தான்.

நெஞ்சு சிடி என்றதும் கண் நேராக நுரையீரலுக்குப் போய்விடுகிறது. மூச்சுக்குழாய் எல்லாப் படத்திலும் நடுவில் கறுப்பாக இருக்கிறது, அதனாலேயே யாரும் அதைப் பார்ப்பதில்லை. முதுநிலை மாணவர்கள், நெஞ்சுநோய்ப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர்கள், ஸ்கேன் எடுக்கும் டெக்னீசியன்கள் எல்லோருக்கும் பயன்படும்படி, பெரிய காற்றுவழியை நான் எந்த வரிசையில் பார்க்கிறேன் என்று எழுதுகிறேன். பெரிய காற்றுவழி என்றால் ட்ரக்கியா என்கிற மூச்சுக்குழாய், அது பிரியும் கரைனா, வலது இடது பெரிய கிளைக்குழாய்கள், அதற்கு அடுத்து நுரையீரலின் ஒவ்வொரு பெரும்பகுதிக்கும் (லோப்) போகும் கிளைகள்.

முதல் படி: யாருக்கு எடுக்க வேண்டும்

மருந்துக்கு அடங்காத ‘ஆஸ்துமா’, அதுவும் சின்ன வயதில் இல்லாமல் நடுவயதில் புதிதாக வந்தது. காரணம் தெரியாமல் சளியில் ரத்தம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா. வெண்டிலேட்டரில் சில நாள் கிடந்துவிட்டு வீட்டுக்குப் போய், சில வாரம் கழித்து மூச்சு வாங்குகிறது என்று வருபவர். ஸ்டெத்தை நெஞ்சில் வைப்பதற்கு முன் கழுத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் கழுத்தில்தான் உரக்கக் கேட்கிறது என்றால் சந்தேகம் வர வேண்டும். ஊதச்சொல்லி அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் வளைகோட்டின் உச்சி கத்தியால் சீவினாற்போலத் தட்டையாக இருந்தால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி.

இந்த நோயாளிகள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்? சீரான ஓட்டத்தில் குழாயின் விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். ஆனால் மூச்சுக்குழாய் தாராளமான அளவில் அமைந்திருப்பதால் வெகுநாள் ஒன்றும் தெரியாது. விட்டம் ஏறத்தாழ 8 மி.மீ.க்கு வந்த பிறகுதான் நடந்தால் மூச்சு வாங்கும், 5 மி.மீ.க்கு வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கும். அதாவது முதல் புகார் வரும்போதே வழியில் பெரும்பகுதி போயிருக்கும்.

இரண்டாம் படி: எடுக்கும் விதம்

எடுத்த விதம் சரியில்லை என்றால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் படிக்க முடியாது. நான்கு விஷயங்கள் இதில் முக்கியம்.

வழக்கமான நெஞ்சு சிடி நுரையீரல் உச்சியில்தான் தொடங்கும். குரல்நாண்களுக்குக் கீழே உள்ள பகுதி, அதாவது வாஸ்குலைட்டிஸ் என்கிற ரத்தக்குழாய் அழற்சியும், வெண்டிலேட்டருக்காக டியூப் போட்ட காயமும் விரும்பி உட்காரும் இடம், படத்திலேயே வராது. அதனால் ஸ்கேன் சீட்டில் ‘குரல்வளையிலிருந்து எடுக்கவும்’ என்று கையால் எழுதிவிடுங்கள். ஒரு வரிதான், ஆனால் அது இல்லாமல் நோயாளி இரண்டாவது முறை கதிர்வீச்சு வாங்க வேண்டியதாகிவிடும்.

அடுத்தது தடிமன். 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகள், ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி. 2 மி.மீ. தடிமனுள்ள ஒரு சவ்வு குழாயின் குறுக்கே நின்றால் 5 மி.மீ. வெட்டில் அது கரைந்து போகும். நோயாளி உறையில் கொண்டுவரும் ஃபிலிமில் பெரும்பாலும் இந்த 5 மி.மீ. படங்கள்தான் இருக்கும். ஃபிலிமை வைத்து மூச்சுக்குழாயைப் பற்றிக் கருத்துச் சொல்லாதீர்கள். குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது மூச்சு. முழுதாக இழுத்து நிறுத்தி ஒரு தடவை எடுக்க வேண்டும்; குழாய் மடங்குகிறதா என்று சந்தேகம் இருந்தால் வேகமாக ஊதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தடவை, குறைந்த கதிர்வீச்சில். இங்கேதான் கூத்து நடக்கும். பல மெஷின்களில் பதிவு செய்த குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசும். படுத்திருக்கும் பெரியவர் அது யாரிடமோ பேசுகிறது என்று நினைத்து அமைதியாக மேலே பார்த்துக்கொண்டிருப்பார். டெக்னீசியன் உள்ளே வந்து பக்கத்தில் நின்று, ‘தாத்தா, மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க’ என்று இரண்டு தடவை ஒத்திகை பார்த்தால் படம் வேறு மாதிரி வரும். ஊதுவதற்கு நான் சொல்லித்தருவது: ‘எதிரே ஒரு மெழுகுவர்த்தி இருக்கு, தம் கட்டி ஊதி அணைங்க.’ புரியாத மொழியில் கட்டளை கேட்டு அரைகுறையாக ஊதியவருக்கு ‘மடங்கவில்லை’ என்று ரிப்போர்ட் எழுதுவது பொய் எழுதுவதற்குச் சமம்.

நான்காவது கான்ட்ராஸ்ட், அதாவது படத்தில் வெளிச்சமாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து. எல்லோருக்கும் வேண்டாம். டியூப் போட்ட குறுகலுக்கும் குழாய் மடங்குவதற்கும் தேவையே இல்லை. கட்டி, நிணநீர்க் கணு, ரத்தக்குழாய் வெளியிலிருந்து அழுத்துவது, இவற்றுக்கு வேண்டும். அப்போதும் கான்ட்ராஸ்ட் இல்லாத படம் ஒன்று முதலில் இருந்தால் நல்லது. சுவரிலுள்ள மெல்லிய சுண்ணாம்புப் படிவு மருந்தின் வெளிச்சத்தில் மறைந்துபோகும்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பார்கள். சாதாரண நெஞ்சு சிடி ஒன்று ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிசீவெர்ட். இயற்கையிலிருந்து ஒரு மனிதருக்கு வருடத்துக்குக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. தேவைக்கு எடுப்பதில் தயக்கம் வேண்டாம், தேவையில்லாமல் மாதாமாதம் எடுப்பதில் நிறைய தயக்கம் வேண்டும்.

மூன்றாம் படி: இயல்பான குழாய் எப்படி இருக்கும்

பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளம். ஆங்கில எழுத்து ‘சி’ போல முன்னாலும் பக்கங்களிலும் வளையும் குருத்தெலும்பு வளையங்கள் சுமார் 20. பின்பக்கம் குருத்தெலும்பு கிடையாது, மெல்லிய தசையும் சவ்வும்தான். இந்தப் பின்சுவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வருவோம். சுவரின் தடிமன் 1 முதல் 3 மி.மீ. பக்கவாட்டு அகலம் ஆண்களுக்கு 25 மி.மீ. வரை, பெண்களுக்கு 21 மி.மீ. வரை. வலது கிளை குட்டையாக, அகலமாக, செங்குத்தாக இறங்கும். விழுங்கியது எதுவும் வழிதவறினால் அங்கே விழுவதற்கு இதுதான் காரணம்.

இழுத்த மூச்சில் குழாய் வட்டமாகவோ முட்டை வடிவிலோ இருக்கும். பின்சுவர் முன்னால் குழிந்து நிலாப்பிறை போல இருந்தால், நோய் என்று எழுதும் முன் அவர் மூச்சை விட்டுவிட்டாரா என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் விட்டிருப்பார்.

பயமுறுத்தும் இரண்டு இயல்புகள் உண்டு. கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில், குழாயின் வலப்பக்கம் பின்னால் ஒரு குட்டிக் காற்றுப்பை தெரியும். குழாய் கிழிந்து காற்று கசிகிறது என்று பதற வேண்டாம், அது சாதுவான பை. இன்னொன்று, வலது மேல் லோபுக்கான கிளை கரைனாவுக்கு மேலே மூச்சுக்குழாயிலிருந்தே முளைத்திருப்பது. பன்றிக்கு இப்படித்தான் இருக்கும் என்பதால் பன்றிக் கிளை என்றும் பெயர். தொந்தரவு ஒன்றுமில்லை, ஆனால் மயக்க மருத்துவர் டியூப் போடும்போது அந்த வாயை அடைத்துவிடலாம், அதனால் ரிப்போர்ட்டில் சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: ஓட்டும் வரிசை

லங் விண்டோவில் (நுரையீரலும் காற்றும் நன்றாகத் தெரியும்படி கறுப்பு வெள்ளையை வைக்கும் விதம்), குறுக்குவெட்டில், குரல்வளையிலிருந்து கரைனா வரை மெதுவாக ஓட்டுங்கள். நுரையீரலைப் பார்க்காதீர்கள். அந்தக் கறுப்பு ஓட்டை ஒன்றை மட்டும், வடிவம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்குங்கள். அப்புறம் மேலே திரும்பி வந்து வலது கிளை, மறுபடி மேலே வந்து இடது கிளை. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதை முடித்துவிட்டுத்தான் நுரையீரல்.

பிறகு நீளவாக்குப் படம். மூச்சுக்குழாய் நேராக இறங்குவதில்லை, பின்னோக்கிச் சாய்ந்து இறங்கும். அதன் சாய்வுக்கு ஏற்ப வெட்டைச் சாய்த்துக்கொண்டால்தான் குழாய் முழுவதும் ஒரே படத்தில் விழும். குறுகலின் நீளத்தை இதில்தான் அளக்க வேண்டும். அதேபோல் விட்டத்தைக் குழாய்க்குச் செங்குத்தான வெட்டில் அளக்க வேண்டும், சாய்ந்து ஓடும் இடது கிளையைச் சாதாரணக் குறுக்குவெட்டில் அளந்தால் வட்டம் நீள்வட்டமாகித் தப்பான எண் வரும்.

சுவரைப் பார்க்க மென்திசு விண்டோவுக்கு மாற்றுங்கள். ஆனால் சுவரின் தடிமனை அங்கே அளக்காதீர்கள். குறுகிய விண்டோவில் மெல்லிய சுவரும் தடியாகத் தெரியும். அளப்பதற்கு விண்டோவின் அகலம் 1000க்கு மேல், மையம் மைனஸ் 450 பக்கம் வையுங்கள்.

மிகக் கறுப்பான புள்ளிகளை மட்டும் சேர்த்துக் காட்டும் மினிப் (MinIP) படமும், உள்ளே பறந்து போவது போன்ற வெர்ச்சுவல் ப்ராங்கோஸ்கோப்பியும் கடைசியில். பார்க்க அழகாக இருக்கும், அறுவை மருத்துவருக்கும் நோயாளிக்கும் காட்டிப் புரியவைக்க உதவும். நோயைக் கண்டுபிடிக்க நான் அதை நம்புவதில்லை. காற்றையும் சுவரையும் பிரிக்கும் எல்லை எண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் இல்லாத ஓட்டை முளைக்கும், சளித்துளி கட்டியாகும்.

ஐந்தாம் படி: பின்சுவரைப் பாருங்கள்

சுவர் தடித்திருக்கிறது. சரி, பின்சுவரும் தடித்திருக்கிறதா?

பின்சுவர் தப்பித்திருந்தால், நோய் குருத்தெலும்பைத் தேடி வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது முக்கியமாக இரண்டு பெயர்கள். ஒன்று, குருத்தெலும்பு திரும்பத் திரும்ப அழற்சியாகும் ரிலாப்ஸிங் பாலிகாண்ட்ரைட்டிஸ்: முன்சுவரும் பக்கச்சுவர்களும் சீராகத் தடித்து, வெளிர்ந்து, பின்பக்கம் மட்டும் மெல்லிசாக இருக்கும். இவர்கள் காதைப் பாருங்கள். காது சிவந்து வீங்கியிருக்கும், ஆனால் தோடு போடும் மடலில் குருத்தெலும்பு இல்லாததால் அது மட்டும் தப்பியிருக்கும். மூச்சுக்குழாயின் பின்சுவரும் காதுமடலும் ஒரே காரணத்துக்காகத் தப்புவது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். இந்த நோயில் இழுத்த மூச்சுப் படம் ஓரளவு நன்றாக இருந்து, ஊதும் படத்தில்தான் குழாய் விழும், அதனால் இரண்டும் எடுக்காமல் விடாதீர்கள்.

இரண்டாவது ட்ரக்கியோபதியா ஆஸ்டியோகாண்ட்ரோபிளாஸ்டிகா. பெயர்தான் பெரிது, நோய் பெரும்பாலும் சாது. 3 முதல் 8 மி.மீ. அளவில் சுண்ணாம்பு ஏறிய குட்டி முடிச்சுகள் முன்னும் பக்கங்களிலும் பருக்கள் போல உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், பின்சுவர் வழவழவென்று. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் வேறு எதற்கோ எடுத்த சிடியில் கிடைக்கும்.

பின்சுவரையும் சேர்த்துச் சுற்றிலும் தடித்திருந்தால் பட்டியல் வேறு: ஜிபிஏ என்கிற வாஸ்குலைட்டிஸ், புரதம் படியும் அமிலாய்டு, அழற்சி முடிச்சுகள் வரும் சார்காய்டு, டிபி. ஜிபிஏ குரல்நாண்களுக்கு நேர் கீழே உட்கார விரும்பும். கூடவே நுரையீரலில் குழி விழுந்த உருண்டைகள், சைனஸ் பாழ்பட்டிருப்பது. அமிலாய்டில் சுண்ணாம்பு இருக்கலாம், பருப்பருவாகவும் இருக்கலாம், ஆனால் பின்சுவரை அது மதிக்காது. சுண்ணாம்புப் பருக்களைப் பார்த்ததும் ஆஸ்டியோகாண்ட்ரோபிளாஸ்டிகா என்று முடிவு கட்டுவதற்கு முன் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

நம் ஊரில் டிபியைத் தனியாகவே பேச வேண்டும். நோய் தீவிரமாக இருக்கும்போது கிளைக்குழாயின் சுவர் கரடுமுரடாகத் தடித்து, கான்ட்ராஸ்டை ஏற்று, வழி ஒழுங்கில்லாமல் குறுகும். பக்கத்திலேயே நடுவில் கறுத்து ஓரம் மட்டும் ஒளிரும் கணுக்கள் நிற்கும். நுரையீரலில் துளிர்விட்ட கிளை போன்ற சின்னப் புள்ளிகள் இருக்கும். ஆறிய பிறகு கதை மாறுகிறது. சுவர் மெல்லிசாகி, வழவழப்பான நீண்ட குறுகலாக நிற்கும், அதுவும் இடது பெரிய கிளையில் அதிகம். இளம்பெண், இடது நுரையீரல் சுருங்கியிருக்கிறது, இடது கிளை எலிவால் போல ஒல்லியாகிறது என்றால் பழைய டிபி பற்றி விசாரியுங்கள். இந்த வேறுபாடு சிகிச்சையையே மாற்றும்: முதலாவதற்கு மாத்திரை, இரண்டாவதற்கு பலூனோ ஸ்டென்டோ கத்தியோ.

குறுகல்: டியூப் போட்ட கதை

2021 கோவிட் அலைக்குப் பிறகு இவர்கள் நிறைய வந்தார்கள். டியூப்பைச் சுற்றியுள்ள காற்றுப்பை சுவரை அழுத்துகிறது. அழுத்தம் 30 செ.மீ. தண்ணீர் அளவைத் தாண்டினால் சவ்வுக்கு ரத்தம் போகாது. புண் வந்து, ஆறும்போது சுருங்கி, மணற்கடிகாரத்தின் இடுப்பு மாதிரி ஒரு குறுகல். நீளம் பொதுவாக 2 செ.மீ. பக்கம். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் ஓட்டை போட்டவர்களுக்கு அந்த ஓட்டை இருந்த இடத்திலேயே முன்சுவர் உள்ளே மடிந்து முக்கோணமாகத் தெரியும். ஒரு குறுகலைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நிறுத்திவிடாதீர்கள், காற்றுப்பை இருந்த இடத்தில் ஒன்று, ஓட்டை இருந்த இடத்தில் ஒன்று என்று இரண்டு இருக்கலாம்.

குழாய் பக்கவாட்டில் மட்டும் நசுங்கி வாளுறை போல ஒடுங்கியிருந்தால், அதாவது பக்கவாட்டு அகலம் முன்பின் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போயிருந்தால், பீடி சிகரெட்டால் வந்த சிஓபிடியை (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நினையுங்கள். நெஞ்சுக்குள் மட்டும்தான் ஒடுங்கும், கழுத்துப் பகுதிக்கு வந்ததும் வட்டமாகிவிடும்.

வெளியிலிருந்து அழுத்துபவை வேறு: நெஞ்சுக்குள் இறங்கிய தைராய்டு கழலை, வீங்கிய பெருந்தமனி, கணுக்கள். குழந்தைகளுக்கு என்றால் ரத்தக்குழாய் வளையம்.

உள்ளே ஏதோ இருக்கிறது

முதலில் சளியா என்று பாருங்கள். சளி தாழ்ந்த பக்கம் தேங்கும், உள்ளே காற்றுக்குமிழி இருக்கும், கான்ட்ராஸ்ட் ஏற்காது. சந்தேகமாக இருந்தால் நன்றாக இருமச் சொல்லிவிட்டு அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுங்கள். சளி இடம் மாறும் அல்லது காணாமல் போகும், கட்டி நகராது.

மூச்சுக்குழாயிலேயே தோன்றும் புற்றுகளில் இரண்டுதான் பெரும்பங்கு. புகைப்பவர்களுக்கு வரும் ஸ்குவாமஸ், ஒழுங்கற்ற ஓரத்தோடு உள்ளே வளரும். இன்னொன்று அடினாய்டு சிஸ்டிக், புகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் தவறவிட்ட அந்த அம்மாவுக்கு இருந்தது இதுதான். மெதுவாக வளர்வதால்தான் நாலு வருடம் ஆஸ்துமா வேஷம் போட முடிந்தது. இது சவ்வுக்கு அடியில் மேலும் கீழும் நீளமாகப் படரும், கண்ணுக்குத் தெரிவதைவிட உண்மையான நீளம் அதிகம். ஆகவே ‘இவ்வளவுதான் நீளம்’ என்று அடித்து எழுதாமல், குறைந்தபட்சம் இவ்வளவு என்று எழுதுங்கள்.

கிளைக்குழாயில் வழவழப்பான, பளிச்சென்று கான்ட்ராஸ்ட் ஏற்கும் உருண்டை, ஆளும் இளவயது என்றால் கார்சினாய்டு என்கிற கட்டி. பனிப்பாறை மாதிரி உள்ளே நீட்டுவது கொஞ்சம், குழாய்க்கு வெளியே பெரிசு. கேமராக் குழாயை உள்ளே விட்டு ப்ராங்கோஸ்கோப்பி செய்பவருக்கு நுனி மட்டும்தான் தெரியும், அடியில் உள்ளதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ரத்தம் கொட்டும் வாய்ப்பையும் சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளில் நிலக்கடலை. எக்ஸ்ரேயில் தெரியாது, சில நேரம் எக்ஸ்ரே முழுக்க இயல்பாகவே இருக்கும். சிடியில் குழாய்க்குள் ஒரு துண்டு, அந்தப் பக்க நுரையீரல் காற்றை விடமுடியாமல் உப்பிக் கறுத்திருக்கும். சீத்தாப்பழ விதை, பொம்மையிலிருந்து கழன்ற குட்டி பல்பு எல்லாம் வரும். பெரியவர்களிடம் கோழி எலும்பு, பல்செட் துண்டு. உள்ளே ஒன்றும் இல்லை என்று சிடி அடித்துச் சொன்னாலும், சாப்பிடும்போது புரையேறி நீலமானதை அம்மா கண்ணால் பார்த்திருந்தால் நான் அம்மா பக்கம்தான்.

விரிந்த குழாய்

ஆண்களுக்கு 25, பெண்களுக்கு 21 மி.மீ.யைத் தாண்டி மூச்சுக்குழாய் விரிந்து, வளையங்களுக்கு இடையே பிதுங்கிக்கொண்டிருந்தால் மூனியே குன் நோய். 1932இல் விவரிக்கப்பட்டது, அபூர்வம்.

அடிக்கடி பார்ப்பது பிராங்கியெக்டாசிஸ், அதாவது கிளைக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோவது. கிளைக்குழாயும் அதன் துணையாக ஓடும் தமனியும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்க வேண்டும். குழாய் பெரிதாகி, தமனி அதன் ஓரத்தில் மோதிரக்கல் போல ஒட்டியிருந்தால் விரிவு. வயதானவர்களுக்கு இயல்பாகவே கொஞ்சம் பெரிதாக இருக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், குழாய் போகப்போக ஒடுங்குகிறதா, நுரையீரல் உறைக்கு 1 செ.மீ.க்குள் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு மையத்தில் விரிவு, அதற்குள் அடைத்திருக்கும் சளி முதுகெலும்பை ஒட்டிய தசையைவிட வெள்ளையாக இருக்கிறது என்றால் ஏபிபிஏ, அதாவது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு ஒவ்வாமையால் வரும் நோய். இந்த வெள்ளைச் சளி கிட்டத்தட்ட வேறு எதிலும் வராது. மென்திசு விண்டோவுக்கு மாற்றாதவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

ஊதும்போது மடங்கும் குழாய்

இழுத்த படத்தில் பரப்பு 300 சதுர மி.மீ., ஊதும் படத்தில் அதே மட்டத்தில் 60 என்றால் 80 சதவீதம் மடங்குகிறது. ‘அதே மட்டம்’ என்பதை மேசையின் எண்ணை வைத்துப் பிடிக்காதீர்கள், ஊதும்போது குழாயே இடம் மாறும். பெருந்தமனி வளைவை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகங்கள் 50 சதவீதத்தை எல்லை என்கின்றன. ஆரோக்கியமானவர்களை ஊதச்சொல்லி எடுத்துப் பார்த்தபோது அவர்களில் பெரும்பாலோர் 50ஐத் தாண்டினார்கள். நான் 70க்கு மேல்தான் யோசிக்கிறேன், 80க்கு மேல்தான் எழுதுகிறேன், அதுவும் இருமலும் மூச்சுத்திணறலும் உள்ளவர் என்றால். மடங்குவது பின்சுவர் மட்டுமா, குருத்தெலும்பு வளையமே சரிகிறதா என்பதையும் பிரித்து எழுதுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

ஆறாம் படி: ரிப்போர்ட்

‘மூச்சுக்குழாயில் குறுகல் காணப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதினால் அறுவை மருத்துவர் உங்களைத் தொலைபேசியில் திட்டுவார், நியாயமாக. அவருக்கு வேண்டியவை: குரல்நாண்களிலிருந்து எத்தனை செ.மீ. கீழே, கரைனாவிலிருந்து எத்தனை செ.மீ. மேலே, குறுகலின் நீளம், மிகக் குறுகிய இடத்தின் விட்டம், அதற்கு மேலும் கீழும் உள்ள இயல்பான விட்டம். காரணம் உள்ளேயா, சுவரிலா, வெளியிலா. குறுகலுக்குக் கீழே குழாய் திறந்திருக்கிறதா, நுரையீரல் உயிரோடு இருக்கிறதா. அங்கே ஒன்றுமே மிச்சமில்லை என்றால் வழி திறந்து பயனில்லை. பெரியவர்களுக்கு மூச்சுக்குழாயில் சுமார் பாதி நீளம் வரைதான் வெட்டித் தைக்க முடியும், அதனால் உங்கள் சென்டிமீட்டர்தான் அறுவையா ஸ்டென்டா என்று தீர்மானிக்கிறது.

சவ்வின் நிறம், தட்டையான ஆரம்பகாலப் புண் ஆகியவை சிடியில் தெரியாது, அதற்கு ப்ராங்கோஸ்கோப் போட்டே ஆக வேண்டும். அதையும் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதலாம்.

வழி 5 மி.மீ. பக்கம் இருந்தால் தட்டச்சு செய்துகொண்டிருக்காதீர்கள். நோயாளி ஸ்கேன் மேசையிலிருந்து இறங்குவதற்கு முன் அனுப்பிய மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள், படபடக்கிறார் என்று தூக்க ஊசி போட யாரையும் விடாதீர்கள், வீட்டுக்குப் போய்விட்டு நாளை ரிப்போர்ட் வாங்க வருகிறேன் என்றால் அனுப்பாதீர்கள்.